துண்டுக்கு ஒரு தண்டம்

"துண்டுதான் வேணுமாம் மேடம்! பணத்தை அப்புறம் குடுத்துக்கலாம், முதல்ல துண்டைக் குடுன்னு என் கையில இருந்து பிடுங்குறான்!"

கதவைக்கூடத் தட்டாமல் உள்ளே வந்த பார்லர்காரம்மா ஒரு வெள்ளைத் துண்டை மேஜைமேல் ஓங்கி அடித்தார். டீ கிளாஸ் துள்ளிக்கொண்டு விளிம்புக்குப் போனது. பட்டாசு அதைப் பாய்ந்து பிடித்தான்.

"பார்த்துக்கா! கிளாஸ் உடைஞ்சா அதுக்கும் யாராவது பில் போட்டுடுவாங்க" என்றான்.

பார்லர்காரம்மா முறைத்த முறைப்பில் அவன் கிளாஸை மார்போடு அணைத்துக்கொண்டு ஓரமாக நகர்ந்தான். பட்டாசு என்பது அவனுடைய வாய்க்கு ஊர் வைத்த பெயர். எந்த நேரத்தில் எங்கே வெடிக்கும் என்று அவனுக்கே தெரியாது. மூன்று வேலையை அந்த வாயாலேயே தொலைத்துவிட்டு, கடைசியில் அண்ணியிடம் வந்து சேர்ந்திருந்தான்.

அண்ணி என்றால் அவனுடைய சொந்த அண்ணன் மனைவி. இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்கு காட்டுகிறவர்களைக் கண்டுபிடிக்கும் உத்தியோகத்தில் பல வருஷம் இருந்தவர். ஒருநாள் உண்மையான கணக்கையும் பொய் என்று எழுதித் தரச் சொன்னார்கள். பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். இப்போது சாவிக்கடை மாடியில் ஒரே ஒரு அறை, வாசலில் 'துப்பறியும் நிலையம்' என்று ஒரு பலகை. பலகையில் எழுத்து சாய்ந்திருக்கும், அண்ணி சாய மாட்டார்.

"உட்காருங்க. தண்ணி குடிங்க. முதல்ல இருந்து சொல்லுங்க" என்றார் அண்ணி.

பார்லர்காரம்மா உட்காரவில்லை. தண்ணீரும் குடிக்கவில்லை. கொட்டித் தீர்த்தார்.

இரண்டு நாற்காலி போட்ட சின்ன பார்லர் அவருடையது. ஊரில் சலூன், பார்லர் நடத்துகிற எல்லோரும் சலவைக் கம்பெனி ஒன்றிடம் துண்டு வாடகைக்கு எடுத்தே ஆக வேண்டும். சுத்தமான துண்டுதான் உபயோகிக்கிறோம் என்று அந்தக் கம்பெனி தரும் சான்றிதழ் சுவரில் தொங்காவிட்டால் சுகாதார ஆபீஸ் கடையைப் பூட்டிவிடும். அப்படிச் சான்றிதழ் தர அனுமதி வாங்கியிருப்பது ஊருக்கே ஒரு கம்பெனிதான். வேறு போக்கிடம் இல்லாதவன் கழுத்தில் கையை வைப்பது எவ்வளவு சுலபம்! வைத்தார்கள்.

"நான் அனுப்புற துண்டைத் துவைப்பாங்களாம். தலைக்கு அடிக்கிற டை கறை போகலைன்னா அது பாழாப் போன துண்டாம். புதுத் துண்டு விலைக்குப் பத்து மடங்கு அபராதம்! ஏற்கெனவே மூணு தடவை கட்டிட்டேன் மேடம். கழுத்துச் சங்கிலி போச்சு. பொண்ணு ஃபீஸுக்கு எடுத்து வெச்சது போச்சு. இது நாலாவது. இன்னைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள கட்டலைன்னா சான்றிதழ் ரத்து. இனிமே விக்கணும்னா நான் தொழில் பண்ற நாற்காலியைத்தான் விக்கணும்!"

குரல் உடையும் என்று பட்டாசு எதிர்பார்த்தான். உடையவில்லை. அழுது தீர்த்த கட்டத்தை அந்த அம்மா எப்போதோ தாண்டியிருந்தார். கண்ணில் இருந்தது வெறும் நெருப்பு.

அண்ணி துண்டைத் தொடாமல் பார்த்தார். ஒரு பாதியில் உள்ளங்கை அகலத்துக்குக் கரும்பழுப்புக் கறை.

"முன்னாடி மூணு தடவை கட்டினீங்களே, அந்த மூணு துண்டும் எங்கே?"

"துண்டு கொண்டு வர்ற கம்பெனி வேன்காரனே எடுத்துட்டுப் போயிட்டான். காட்டுவான், கையெழுத்து வாங்குவான், சுருட்டி எடுத்துட்டுப் போயிடுவான். கம்பெனிப் பொருளாம்."

"விலையைப் பத்து மடங்காக் குடுத்தது நீங்க. பொருள் மட்டும் அவங்களுக்கா?"

பார்லர்காரம்மா அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கடையில ஒரு ஜாடியை உடைச்சா, காசைப் புடுங்கிக்கிட்டு உடைஞ்ச சில்லையாவது நம்ம கையில குடுப்பான்" என்றார் அண்ணி. "பாழாப் போச்சுன்னு அவங்களே சொல்ற துண்டு. அதை வெச்சு என்ன பண்ணுவாங்க?"

"அந்தக் கம்பெனி மேனேஜர் மூஞ்சியைத் துடைப்பாரோ என்னவோ" என்றான் பட்டாசு. "அதான் அவர் மூஞ்சியைப் பார்த்தவங்க யாரும் நல்லா இருக்கறதில்லை."

அண்ணி சிரிக்கவில்லை. ஆனால் அடுத்த கேள்வியில் அவர் குரல் மாறியிருந்தது. மோப்பம் பிடித்துவிட்டார் என்று பட்டாசுக்குப் புரிந்தது.

"கம்பெனியில இருந்து நல்ல துண்டு வரும்போது எப்படி வரும்? மடிச்சா?"

"இல்லை மேடம், உருட்டித்தான் வரும். எல்லாமே உருளை உருளையா. மடிப்பு விழாம இருக்கணும்னு."

"இதைப் பாருங்க."

அண்ணி துண்டின் இரண்டு முனையைப் பிடித்து உதறி, மேஜைமேல் மெல்ல விட்டார். அது தானாகவே நடுவில் மடங்கி உட்கார்ந்தது. மடிப்பு விழுந்த கோட்டில் நூல் தேய்ந்து, வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் தெரியும் போலிருந்தது. கறை மட்டும் மேல்பக்கம் அழகாகப் பளிச்சென்று நின்றது.

"உருட்டி அனுப்புற கம்பெனியில இந்த ஒரு துண்டுக்கு மட்டும் மடிப்பு. அதுவும் நூல் தேயற அளவுக்குத் திரும்பத் திரும்ப ஒரே மடிப்பு. அழுக்கை யாராவது வெளியே தெரியற மாதிரி மடிப்பாங்களா? உள்ளே வெச்சுத்தானே மடிப்போம்?"

"ஜவுளிக்கடையில பார்டர் தெரியற மாதிரி அடுக்குவானே, அந்த மாதிரியில்ல இருக்கு!" என்றான் பட்டாசு. சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவனுக்கே உறைத்தது. "அண்ணி... இது ஷோவுக்கு வெச்சிருக்கிற துண்டா?"

"அதைத்தான் பார்க்கப் போறோம்." அண்ணி எழுந்தார். "நீங்க கடைக்குப் போங்கம்மா. வேன்காரர் வந்து கேட்டா இதைத் திருப்பிக் குடுத்துடுங்க."

"என்னது? திருப்பிக் குடுக்கறதா? நகம் பிய்ய இழுத்து வாங்கிட்டு வந்திருக்கேன்! உங்களை நம்பி வந்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்!"

"கோபம் இருக்கட்டும், சாயங்காலம் வேணும்" என்றார் அண்ணி அமைதியாக. "உங்க பையில புருவம் எடுக்கிற நூல் இருக்குமே? ஒரு முழம் குடுங்க."

துண்டின் விளிம்பைப் புரட்டி, உள்பக்கத் தையலோடு அந்த நூலைக் கோத்து, குட்டியாக ஒரு முடிச்சுப் போட்டார். வெள்ளையில் வெள்ளை. தடவிப் பார்த்தால்தான் தெரியும்.

பார்லர் வாசலில் வேன் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது. பின்வாசல் வழியாக உள்ளே புகுந்து, திரைக்குப் பின்னால், கழுத்துவரை பூப்போட்ட துணியைப் போர்த்திக்கொண்டு, தலைமுடி உலர்த்தும் மெஷினுக்கு அடியில் பட்டாசு உட்கார்ந்திருந்தான். பெண்கள் மட்டும் வருகிற கடை. எவளாவது தெரிந்த பெண் உள்ளே நுழைந்தால் ஊரைவிட்டே ஓட வேண்டியதுதான் என்று வேண்டாத தெய்வத்தையெல்லாம் வேண்டிக்கொண்டிருந்தான்.

வேன்காரருக்கு நாற்பது வயது இருக்கும். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "அம்மா, கெஞ்சிக் கேக்கறேன், துண்டைக் குடுத்துடுங்கம்மா" என்றார். மிரட்டுகிற குரலாக இல்லை. பட்டாசுக்கு அது வித்தியாசமாகப் பட்டது.

பார்லர்காரம்மா துண்டை அவர் மூஞ்சியில் அடிக்காத குறையாக எறிந்தார். வேன்காரர் அதைக் கீழே விழாமல் பிடித்து, கறையைத் தடவிப் பார்த்தார். நடுவில் மடித்து, கறை மேலே வருமாறு ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, வேனின் முன்சீட்டில் வைத்தார். கடையின் மற்ற அழுக்குத் துண்டுகளைப் பின்னால் மூட்டையோடு மூட்டையாக எறிந்தார்.

வேன் கிளம்பிய அடுத்த நொடி பட்டாசு பூத்துணியோடு வெளியே பாய்ந்தான். தெருமுனையில் அண்ணி ஸ்கூட்டரோடு காத்திருந்தார்.

"அந்தத் துணியைக் கழட்டு முதல்ல."

"ஏன் அண்ணி, எனக்கு நல்லா இல்லையா?"

அண்ணி பின்னால் ஏறிக்கொண்டார். வேன் எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தத் தோளில் தட்டுவது அவர் வழக்கம். இடது, வலது, மறுபடி இடது. வேன் ஒரு பல் டாக்டர் கிளினிக்கில் நின்றது, மூட்டையை மாற்றியது, போனது. ஒரு உடற்பயிற்சிக் கூடத்தில் நின்றது, போனது. முன்சீட்டு உறை அசையவே இல்லை.

"பெரிய இடத்துல எல்லாம் எடுக்க மாட்டேங்கறான் பாருங்க" என்றான் பட்டாசு. "திருப்பிக் கேள்வி கேப்பாங்கன்னு பயம்!"

மூன்றாவது, ஒரு சந்துக்குள் ஒற்றைக் கண்ணாடி வைத்த ஆண்கள் சலூன். வேன்காரர் உறையோடு இறங்கினார். அண்ணியும் பட்டாசும் உள்ளே நுழையும்போது சலூன்காரர் கத்தரியைப் பிடித்த கையோடு கத்திக்கொண்டிருந்தார்.

"டை கறையா? என் கடைக்கு வர்றவன்ல பாதிப் பேர் வழுக்கைய்யா! மீதிப் பேர் கடன்காரன். எவன்யா இங்க டை அடிச்சுக்கறான்? போன மாசமும் இப்படித்தான் புடுங்கிட்டுப் போனீங்க!"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே. உங்க மூட்டையில வந்தது. கையெழுத்துப் போடுங்க."

"அந்தத் துண்டைக் கொஞ்சம் காட்டுங்க" என்றார் அண்ணி.

யாரும் சுதாரிப்பதற்குள் துண்டு அவர் கையில் இருந்தது. விளிம்பைப் புரட்டி, சலூன்காரரின் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார். "தட்டுப்படுதா? சின்னதா ஒரு முடிச்சு. இன்னைக்குக் காலையில ஒரு பார்லர் நூலால நான் போட்டது. காலையில பார்லர் துண்டா இருந்தது, மத்தியானம் உங்க துண்டா எப்படிண்ணே ஆச்சு?"

சலூன்காரரின் முகத்தில் ரத்தம் ஏறியது. பட்டாசு அதற்குள் வேன்காரரின் சட்டைக் காலரைப் பிடித்திருந்தான். கழுத்துச் சங்கிலியை விற்ற ஒருத்தி, வழுக்கைத் தலையை நம்பிப் பிழைக்கிற ஒருத்தர், இவர்களிடமா கை வைக்க வேண்டும்?

"ஒரே ஒரு துண்டு! அதை வெச்சு ஊரையே மொட்டை அடிச்சிருக்கே! இவருக்கே போட்டியா கடை போட்டிருக்கியாடா?"

வேன்காரர் திமிறவில்லை. "அடிங்க தம்பி" என்றார். "அடிச்சாலும் பரவாயில்லை, துண்டை மட்டும் கிழிச்சுடாதீங்க. அது போச்சுன்னா என் வேன் போயிடும்."

பட்டாசின் கை தளர்ந்தது. அண்ணி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். "உட்கார்ந்து சொல்லுங்க."

"காலையில வண்டி எடுக்கும்போது கம்பெனி ஜன்னல்ல வெச்சு ஆளுக்கு ஒரு கறைத் துண்டு குடுப்பாங்கம்மா. சாயங்காலம் அதே ஜன்னல்ல திருப்பிக் குடுக்கணும். குடுக்கலைன்னா எனக்கு அபராதம். ஒரு நாளைக்கு ஒரு கையெழுத்தாவது வாங்கிட்டு வரலைன்னா அதுக்கும் அபராதம். சம்பளக்காரன்னு நினைக்காதீங்க. வேன் என்னுது, கடன்ல வாங்கினது. நான் கம்பெனிக்குத் தொழில் கூட்டாளியாம். அப்படிச் சொல்லித்தான் கையெழுத்து வாங்கினாங்க." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இவங்களை மாதிரி நானும் ஒரு சின்ன ஆளும்மா. என் கழுத்துலயும் அதே கைதான்."

பட்டாசு அவருடைய கசங்கிய காலரை நீவி விட்டான். திருடனைப் பிடித்துவிட்டோம் என்று நினைத்த கையில் இன்னொரு ஏமாந்தவன்தான் இருந்தான்.

"இத்தனை அபராதம் போடறாங்களே" என்றார் அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு. "ஒவ்வொரு தடவையும் நிஜமாவே ஒரு துண்டைப் பாழாக்கியிருந்தா நாம கண்டுபிடிச்சிருக்கவே முடியாது. அந்த ஒரு துண்டு செலவுக்குக்கூட மனசு வராத கஞ்சப் பிசினாறிங்க! அதுலதான் மாட்டிக்கிட்டாங்க." அவர் வேன்காரர் பக்கம் திரும்பினார். "சாயங்காலம் ஜன்னலுக்கு எல்லாரும் வருவாங்களா?"

"வருவாங்க. இருபது வண்டிக்கு மேல."

"நாங்க மேனேஜரைப் பார்க்கப் போறோம், துண்டு என்கிட்டயே இருக்கட்டும். நீங்களும் வாங்க. என்ன பேசணும்னு நான் சொல்லித் தர மாட்டேன். அது உங்க இஷ்டம்."

சாயங்காலம், சலவைக் கம்பெனி மேனேஜர் அறையில் ஏசி சில்லென்று இருந்தது. மேனேஜரின் பேச்சு அதைவிடச் சில்லென்று இருந்தது. மேஜையின் இந்தப் பக்கம் பார்லர்காரம்மா, சலூன்காரர், அண்ணி, பட்டாசு. அந்தப் பக்கம் அவர் மட்டும், இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டையில்.

முடிச்சுப் போட்ட கதையை அவர் பொறுமையாகக் கேட்டார். உச்சுக் கொட்டினார். "அடடா. ஒரு டிரைவர் தப்புப் பண்ணியிருக்கான். உடனே நீக்கிடறோம். அந்தத் துண்டைக் குடுத்துட்டுப் போங்க, விசாரிக்கிறோம்."

"ஏன் குடுக்கணும்?" என்றார் அண்ணி.

"கம்பெனிப் பொருள் மேடம்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. கம்பெனிப் பொருளா?"

"சந்தேகமே வேண்டாம். கடைசி வரைக்கும் கம்பெனிப் பொருள்தான்."

"அப்படின்னா இதோட விலையை ஏன் இவங்ககிட்ட வாங்கினீங்க? விலை வாங்கியாச்சுன்னா இது அவங்க துண்டு. அவங்க துண்டை எதுக்குக் கேக்கறீங்க? உங்க துண்டுதான்னா, விக்காத பொருளுக்கு விலை வாங்கியிருக்கீங்க. ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லுங்க. எதைச் சொன்னாலும் நான் எழுதிக்கறேன்."

மேனேஜர் மேஜைமேல் இருந்த பேனாவைத் திறந்தார். மூடினார்.

"எனக்குத் தெரிஞ்சவரைக்கும் இது மூணாவது பதிலுக்கு வழியே இல்லாத கேள்வி சார்" என்றான் பட்டாசு. "நீங்க வேணா துண்டைக் கேட்டுப் பாருங்க."

மேனேஜர் மேஜை இழுப்பறையைத் திறந்தார். குரலில் இப்போது தேன் ஒழுகியது. ஒரு சான்றிதழை எடுத்துக் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, பார்லர்காரம்மா பக்கம் தள்ளினார். இன்னொரு காகிதத்தை அதன்மேல் வைத்தார்.

"பேச்சு எதுக்கு? உங்க நாலு அபராதமும் தள்ளுபடி. கட்டின பணம் முழுசும் இன்னைக்கே திரும்ப வரும். இந்தாங்க, ஒரு வருஷத்துக்குச் சான்றிதழ். இதைப் பத்தி வெளியே யார்கிட்டயும் பேசறதில்லைன்னு இதுல மட்டும் ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க. உங்களுக்கு மட்டும்தான் இந்தச் சலுகை. மத்தவங்க விஷயம் உங்களுக்கு எதுக்கும்மா?"

சலூன்காரர் தலையைக் குனிந்துகொண்டார். 'மத்தவங்க' என்றால் யார் என்று அவருக்குத் தெரிந்தது.

பட்டாசு அண்ணியைப் பார்த்தான். அண்ணி பார்லர்காரம்மாவைப் பார்த்தார். முடிவு அந்த அம்மாவுடையது. சங்கிலிக் காசு திரும்ப வரும், பெண்ணின் ஃபீஸ் கட்டலாம், கடை பிழைக்கும். போட்டுவிட்டால் யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது. பட்டாசே மனசுக்குள் 'போட்டுடுக்கா' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

பார்லர்காரம்மா மேல் காகிதத்தை விரல் நுனியால் ஒதுக்கினார். அடியில் இருந்த சான்றிதழை எடுத்து மடித்துக் கைப்பையில் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினார்.

"இது நான் மாசாமாசம் வாடகை கட்டினதுக்கு வர வேண்டியது. உங்க சலுகை இல்லை" என்றார். பிறகு குரல் ஏறியது. "என் ஒருத்தி வாயை அடைக்க இவ்வளவு அள்ளிக் குடுக்கறீங்களே, அப்ப ஊரெல்லாம் சேர்த்து எவ்வளவுய்யா புடுங்கியிருப்பீங்க?"

"அம்மா, மரியாதையாப் பேசுங்க. டிரைவர் பண்ணின தப்புக்கு..."

அவர் முடிக்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு வேன்காரர் உள்ளே வந்தார். பின்னால் இன்னொருவர், அவருக்குப் பின்னால் இன்னும் பலர். பின்னால் வந்த எல்லோர் கையிலும் ஒரு பிளாஸ்டிக் உறை. ஜன்னலில் கொடுக்க வேண்டியதை மேனேஜரின் மேஜையில் வைத்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு, நடுவில் மடித்து, கறை மேலே தெரிய. கருப்புக் கறை, பழுப்புக் கறை, மருந்துக் கறை. மேஜை நிரம்பி, மேனேஜரின் போன் அடியில் மறைந்துபோனது.

"ஒரு டிரைவர் தப்புன்னு சொன்னீங்களே சார்" என்றார் வேன்காரர். "அந்த ஒருத்தர் எங்கள்ல யாருன்னு எங்களுக்கே தெரியலை. அதான் எல்லாரும் வந்துட்டோம்."

மேனேஜர் எழுந்திருக்கப் பார்த்தார். பார்லர்காரம்மா மேஜையைச் சுற்றிக்கொண்டு போய் அவர் பின்னால் நின்றார். இத்தனை வருஷமாகத் தினமும் செய்கிற வேலை. ஒரு கை தோளில் லேசாக அழுத்த, மேனேஜர் தன்னையறியாமல் உட்கார்ந்துவிட்டார். மறு கை அண்ணியிடமிருந்து துண்டை வாங்கி ஒரே உதறாக உதறி, அவர் கழுத்தைச் சுற்றிப் போட்டு, பின்னால் இறுக்கமாகச் சொருகியது. கரும்பழுப்புக் கறை வெள்ளைச் சட்டையின் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது.

"ஆடாம உட்காருங்க" என்றார் பார்லர்காரம்மா. "நாளைக்குக் காலையில என் கடையை நான் திறப்பேன். நீங்க உங்க கடையைத் திறந்து பாருங்க."

கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். சலூன்காரரைப் பார்த்து, "வாங்கண்ணே, சுகாதார ஆபீஸ் மூடறதுக்குள்ள போய்ப் புகார் எழுதிக் குடுக்கணும்" என்றார். வேன்காரர்கள் விலகி வழிவிட்டார்கள்.